சீனத்துப் பள்ளியில் அயல்நாட்டு உபாத்தியாயர்

(நெமிலிச்சேரியில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதக் கூட்டம் கலைந்து, நாம் வாயிலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த வேளையில், நம் அங்கத்தினர் ஒருவர் அருகே வந்து, "ஐயா, என் மகளுக்குச் சீன தேசத்துப் பள்ளி ஒன்றில் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு வைப்பார்களாம். அதையும் முதல்நாள் இரவுதான் சொல்வார்களாம். அனுப்பலாமா, கூடாதா?" என்று வினவினார். நின்ற நிலையில் விடை கூறத்தக்க கேள்வியன்று அது. அவருக்குச் சொல்லவேண்டியதைச் சபையோர் யாவரும் கேட்கட்டும் என்று காரியதரிசியார் விரும்பியதால் இன்று நாம் இங்கே நிற்கிறோம்.

இவ்விஷயத்திற் பேச நமக்குச் சிறிது உரிமை உண்டு. இந்த அரக்கோணம் இருப்புப்பாதை நெடுகிலும் உள்ள பாடசாலைகளில் முப்பத்துமூன்று ஆண்டுகள் கணக்குப் போதித்தோம். அன்றியும், இலண்டனிற் குடியேறிவிட்ட நம் தமக்கையாரின் மகள், அந்நாட்டுப் பிரஜையாகவே பிறந்து வளர்ந்தவள், 2017 முதல் 2020 வரை சீனத்தின் தென்கோடியில் உள்ள குவாங்டுங் மாகாணத்துக் கடற்கரை நகர் ஒன்றில் ஆங்கில உபாத்தியாயினியாக இருந்தாள். வாரந்தோறும் அவள் தொலைபேசியில் அழுததும் சிரித்ததும் நம் செவியில் விழுந்தவை. நாம் சீனம் போனதில்லை. அவள் சொன்னவற்றையும், பொதுவில் அறியப்பட்டவற்றையும் கொண்டே பேசுகிறோம்.

முதலில் அவள் அழுத கதையைச் சொல்லுவோம். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 27, 28ஆம் தேதிகளாகிய சனி, ஞாயிறுகளில் குயிலின் நகரத்தில் அவளுடைய தோழி ஒருத்திக்கு விவாகம். புகைவண்டிச் சீட்டு எடுத்தாயிற்று. பரிசுப் பொருளும் வாங்கியாயிற்று. 25ஆம் தேதி வியாழக்கிழமை மாலை, பள்ளியில் அயல்நாட்டாரைக் கவனித்துக்கொள்ளும் பெண் வந்து, "ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நான்கு வகுப்புகள். அன்று வியாழக்கிழமை அட்டவணை" என்று சொல்லிப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு வியாழக்கிழமை அட்டவணையா என்று இவள் திகைத்தாள். "மாமா, என்னை வேண்டுமென்றே வருத்துகிறார்கள்" என்று அன்றிரவு நம்மிடம் கதறினாள். நாமும் அந்தப் பள்ளியாரை மனமார வைதோம்.

பிறகு விசாரித்ததில், நாம் வைதது முக்காற்பங்கு அநியாயம் என்று தெரிந்தது. சீன தேசத்தில் 1999ஆம் ஆண்டு முதல் நீண்ட விடுமுறைகள் ஏற்படுத்தப்பட்டன. அக்டோபர் முதல் தேதியில் வரும் தேசிய தினத்துக்குச் சட்டப்படி விடுமுறை மூன்றே நாள். ஆயினும், ஜனங்கள் சொந்த ஊர் போய்வரவும், கடைகளில் வியாபாரம் பெருகவும் அதை ஏழு நாளாக்குகிறார்கள். மிகுதி நாட்கள் வானத்திலிருந்து விழுவனவல்ல. முன்வாரத்திலோ பின்வாரத்திலோ உள்ள சனி, ஞாயிறுகளை வேலைநாளாக்கி, அவற்றின் ஓய்வை இங்கே இழுத்து வைக்கிறார்கள். கடன் வாங்கிக் கலியாணம் செய்வது போன்ற ஏற்பாடு. பந்தி முடிந்ததும் கடன்காரன் வாயிலில் நிற்பான். இவ்விதம் எந்த ஞாயிறு வேலைநாள் என்பதை அந்நாட்டு மந்திராலோசனை சபையின் காரியாலயம் ஆண்டுதோறும் முன்கூட்டியே அறிவிக்கிறது. அந்த வேலை ஞாயிற்றில் எந்தக் கிழமையின் பாடத்தை நடத்துவது என்பதைப் பள்ளி தீர்மானிக்கிறது.

2019ஆம் ஆண்டில் நடந்தது இன்னும் விசித்திரம். முதலில் வெளியான அறிவிப்பில் மே தினத்துக்கு ஒரே நாள்தான் விடுமுறை, அது புதன்கிழமை. மார்ச்சு 22ஆம் தேதி சர்க்காரே அதை மாற்றி, மே 1 முதல் 4 வரை நான்கு நாள் விடுமுறை என்றும், அதற்கு ஈடாக ஏப்ரல் 28, மே 5 ஆகிய இரு ஞாயிறுகளும் வேலைநாட்கள் என்றும் உத்தரவிட்டது. ஆகவே பள்ளியார் செய்த சூழ்ச்சி ஒன்றுமில்லை. தேசம் முழுவதும் அந்த ஞாயிறு வேலைக்குப் போயிற்று. 2015ஆம் ஆண்டிலும், யுத்த வெற்றியின் எழுபதாம் ஆண்டு நினைவுக்காகச் செப்டம்பர் 3 முதல் 5 வரை விடுமுறை என்று மே மாதத்தில் அறிவித்து, 6ஆம் தேதி ஞாயிற்றை வேலைநாளாக்கினார்கள். சீனரே இம்முறையை விரும்புவதில்லை, வெளிப்படையாகவே முணுமுணுக்கிறார்கள். 2025 முதல் சட்டப்படியான விடுமுறைகளைப் பதினொன்றிலிருந்து பதின்மூன்றாக உயர்த்தி, விடுமுறைக்கு முன்னும் பின்னும் பொதுவாக ஆறு நாட்களுக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கலாகாது என்றும் விதித்திருப்பது அந்த முணுமுணுப்பின் பயன் போலும்.

முக்காற்பங்கு அநியாயம் என்றோம். எஞ்சிய காற்பங்கு எது? மார்ச்சு 22ஆம் தேதி தேசமெல்லாம் அறிந்த செய்தி, நம் மருகியின் காதுக்கு ஏப்ரல் 25ஆம் தேதி எட்டிற்றே, அதுதான். ஒரு மாதத்துக்கு மேலாக அந்த ஆசிரியர் அறையில் அவளைச் சூழ இருந்தவர் அனைவரும் அதை அறிந்திருந்தார்கள். ஒருவரும் மறைக்கவில்லை. ஒருவரும் சொல்லவுமில்லை.

இதன் காரணத்தைப் பிற்பாடு அவளே கண்டுகொண்டாள். அங்கே பள்ளிக் காரியங்கள் யாவும் வீசாட் என்னும் கைப்பேசிச் செய்திக்குழுக்களில் சீன பாஷையில் நடக்கின்றன. தலைமையாசிரியர் வகுப்பாசிரியருக்கு எழுதுவார். வகுப்பாசிரியர் பெற்றோருக்கும் மாணவருக்கும் எழுதுவார். அயல்நாட்டு உபாத்தியாயர் அந்தக் குழுக்களில் இல்லை. அவருக்கென ஒரு பெண்ணை நியமித்திருக்கிறார்கள். அவளோ தானும் வகுப்பெடுத்து, விசாவுக்குத் தாள் திரட்டி, குழாயில் தண்ணீர் வராததற்கும் ஓடவேண்டியவள். நினைவு வந்தபோது சொல்லுவாள்.

இரண்டாவது காரணம் ஒன்று உண்டு. அதைக் கேட்டால் நம் ஊர் உபாத்தியாயர்கள் சிரிப்பார்கள். சீனத்தில் மாணவர் வாழ்வை நிர்ணயிப்பது ஜூன் 7ஆம் தேதி தொடங்கும் சர்வகலாசாலை நுழைவுப் பரீட்சை. அப்பரீட்சை நடக்கும் பள்ளிக்கட்டிடங்களில் மற்ற வகுப்புகளுக்கு இடமில்லை. அதற்கு முன் ஒத்திகைப் பரீட்சைகள், மாதப் பரீட்சைகள். இலையுதிர்காலத்தில் விளையாட்டு விழா. புதிதாகச் சேர்ந்தவர்க்கு இராணுவப் பயிற்சி. மேலதிகாரிகள் பார்வையிட வரும் நாள். இவற்றுக்கெல்லாம் நேரம் வேண்டுமானால், எந்தப் பாடத்தில் கைவைப்பார்கள்? மதிப்பெண் இல்லாத பாடத்தில்தான். அயல்நாட்டார் போதிக்கும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்குப் பல பள்ளிகளில் மதிப்பெண் இல்லை. நம் பள்ளிகளில் விளையாட்டுப் பாடவேளையை யார் எடுத்துக்கொள்கிறார்? கணக்கு வாத்தியார். நாமே எத்தனையோ முறை தேகப்பயிற்சி ஆசிரியரின் வகுப்பைப் பிடுங்கி முக்கோணவியல் நடத்தியிருக்கிறோம். அவர் சிரித்துக்கொண்டே பந்தை உள்ளே வைத்துவிடுவார். அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று மருகியின் அழுகையைக் கேட்ட பிறகே நமக்குத் தோன்றியது.

குயிலின் கலியாணத்துக்கு அவள் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஆசிரியர் அறையில் எல்லார் முன்னிலையிலும் அந்தப் பெண்ணை நிறுத்தி, "ஒரு மாதம் முன்னே தெரிந்ததை எனக்கு ஏன் சொல்லவில்லை? இது என்ன பள்ளிக்கூடம்?" என்று உரக்கக் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் அதன் பயன் என்ன? அந்தப் பெண் முகம் சிவந்து, ஒன்றும் பேசாமல் வெளியே போனாள். அதன்பின் ஒரு மாதம் எந்தச் செய்தியும் இவளுக்கு நேரில் வரவில்லை. சுருக்கமான எழுத்துத்தான் வந்தது, அதுவும் முன்னைவிடத் தாமதமாக.

சீனர் முகத்தைப் பெரிதாக மதிப்பவர் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். ஏதோ அவர்களுக்கு மட்டும் உரிய வினோதம் போல. நம்மிடையே இல்லையா? முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பத்து வருஷம் பகை சாதிக்கும் சம்பந்திகள் இந்தச் சபையிலேயே இருக்கக்கூடும். பெயர் சொல்லமாட்டோம். நான்கு பேர் நடுவே ஒருவரைத் தலைகுனியச் செய்தால், அவர் நமக்கு நன்மை செய்யும் வழி அடைபடுகிறது. குவாங்டுங்காயினும் திருநின்றவூராயினும் அது ஒன்றே. "அந்தப் பெண்ணுக்கு உன்னைவிட வயது குறைவா, அதிகமா?" என்று மட்டும் கேட்டோம். மூன்று வயது இளையவள் என்றாள். மறுநாள் ஒரு கூடை பழம் வாங்கிக்கொண்டு தனிமையிற் போய், "நான் அப்படிக் கத்தியிருக்கலாகாது" என்றாளாம். அந்தப் பெண் அழுதுவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தன் தாயை வைத்தியசாலைக்கு அழைத்துப் போக இருந்தவள் அவள். அவளுடைய ஞாயிறும் போயிற்று. இது நம் மருகிக்கு அதுவரை தெரியாது, கேட்கவுமில்லை.

அதன் பிறகு ஏற்பாடுகள் மாறின. வாரந்தோறும் திங்கட்கிழமை காலையில் இருவரும் தேநீர் அருந்துகையில், "இந்த வாரம் என்ன மாறப்போகிறது?" என்று இவள் கேட்பாள். மாறுமா என்று கேட்டதில்லை. என்ன மாறும் என்றே கேட்டாள். மற்றொரு துணையும் கிடைத்தது. ஒவ்வொரு வகுப்பிலும் மாணவர் தலைவன் ஒருவன் இருப்பான். ஒரு வகுப்பின் தலைவனாகிய பதினான்கு வயதுச் சிறுவனுக்குப் பள்ளியில் நடக்கப்போவது அத்தனையும் தெரியும். அவன் தன் ஆங்கிலத்தைப் பழக்கிக்கொள்ளும் ஆசையில், "ஆசிரியரே, நாளை எங்களுக்கு உங்கள் வகுப்பு இல்லை, பல் பரிசோதனை" என்று எழுதி அனுப்பத் தொடங்கினான். தலைமையாசிரியரைவிட அவன் செய்தி நம்பகமாக இருந்தது என்பாள்.

தொழிற்பக்கத்தில் அவள் செய்ததையும் சொல்லவேண்டும். அனுப்பலாமா என்று கேட்ட அன்பரின் மகளுக்கு அது பயன்படும். அவளுக்குப் பதினாறு பிரிவுகள். பிரிவுக்கு வாரம் ஒரு பாடம். ஒரு பிரிவுக்கு விளையாட்டு விழாவில் ஒரு வாரம் போகும், மற்றொன்றுக்குப் பரீட்சையில் இரண்டு வாரம் போகும். ஒரு மாதத்துக்குள் ஒரு பிரிவு ஐந்தாம் பாடத்திலும் இன்னொன்று மூன்றாம் பாடத்திலும் நிற்கும். அடுக்கடுக்காகத் தொடரும் பாடத்திட்டம் அங்கே உதவாது. ஆதலால், முன்பின் தொடர்பின்றித் தன்னளவில் முடியும் நாற்பது நிமிஷப் பாடங்களாக எழுதி, ஒரு துணிப்பையில் ஆறேழு பாடங்களை எப்போதும் ஆயத்தமாக வைத்திருந்தாள். எந்தப் பிரிவுக்கு எது நடந்தது என்று அலமாரிக் கதவில் ஒட்டிய நீளத்தாளில் குறித்துக்கொள்வாள். வகுப்பு ரத்தாவது மட்டுமன்று, "பத்து நிமிஷத்தில் வாருங்கள், பின்வரிசையில் அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று அழைப்பதும் உண்டு. அப்போது அந்தப் பையை எடுத்துக்கொண்டு நடப்பாள். இருபது வருஷம் ஒரே பாடக்குறிப்பை வைத்துக் காலந்தள்ளிய நம்மைப் போன்றாருக்கு அந்தத் துணிப்பை வராது.

மனிதர் செய்யாத மாறுதல்களும் உண்டு. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி ஞாயிறன்று மாங்குட் என்னும் பெரும்புயல் குவாங்டுங் கரையைத் தாக்கியது. மறுநாள் அவளுடைய பள்ளி திறக்கவில்லை. அருகிலுள்ள ஹாங்காங்கில் திங்களும் செவ்வாயும் எல்லாப் பள்ளிகளும் மூடப்பட்டன. தலைநகர் பீகிங்கில், புகைமூட்டத்துக்கான சிவப்பு அபாய அறிவிப்பு முதன்முதலாக 2015ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி மாலையில் வெளியாயிற்று. மறுநாட்காலையிலிருந்தே பள்ளிகளை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். இவற்றுக்கெல்லாம் யாரை நொந்துகொள்வது?

அனைத்தினும் பெரிய மாறுதல் 2020இல் வந்தது. சீனப் புத்தாண்டு ஜனவரி 25ஆம் தேதி. விடுமுறைக்குத் தாயைப் பார்க்க இலண்டன் போயிருந்தாள். கொள்ளைநோயால் முதலில் விடுமுறை சில நாள் நீண்டது. பிறகு பள்ளித் தவணையே தள்ளிப்போயிற்று. மார்ச்சு 28 முதல் விசா உள்ள அயல்நாட்டாரும் நாட்டுக்குள் வரலாகாது என்று கதவடைத்தார்கள். கதவு திறக்கும் என்று காத்திருந்தபடியே அவள் கணினித் திரையில் பாடம் நடத்தினாள். சீனத்தில் காலை எட்டு மணி, இலண்டனில் நள்ளிரவு. அந்தப் பெரிய பரீட்சையே அவ்வாண்டு ஜூலைக்குத் தள்ளப்பட்டது. கோடையில் ஒப்பந்தம் முடிந்தது, அவள் துணிப்பையும் குளிர்காலச் சட்டைகளும் அங்கேயே தங்கிவிட்டன, ஒருவரிடமும் விடைபெறவில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் அந்தச் சிறுவனிடமிருந்து ஒரு செய்தி வந்ததாம்: "ஆசிரியரே, புதிய அட்டவணை அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாறலாம்." அவள் வேலையில் இல்லை என்பதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். குரோம்பேட்டையருகே உள்ள நெமிலிச்சேரியைச் சொல்லவில்லை. பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவே நாம் வாழும் இந்த நெமிலிச்சேரியையே சொல்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜில்லா கலெக்டர் விடியற்காலையில் விடுமுறை அறிவிப்பதையும், அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையில் "இன்று திங்கட்கிழமை அட்டவணை" என்று பள்ளி நடப்பதையும் அறியாதார் யார்? சீனத்து ஞாயிற்றுக்கு இது உடன்பிறந்ததன்றோ! அம்பத்தூர் 2018இல் சென்னை ஜில்லாவோடு சேர்ந்த பிறகு, சில மழைநாட்களில், ஒரே வீட்டில் இங்கே படிக்கும் தம்பிக்கு விடுமுறையும் அங்கே படிக்கும் அக்காளுக்குப் பள்ளியுமாக ஆகிவிடுகிறது. 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அரையாண்டுப் பரீட்சைகளே ஜனவரிக்குப் போயின.

2005ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் நடந்த ஒன்றை இதுவரை நாம் எவரிடமும் சொன்னதில்லை. அன்று காலை ஆறு மணிக்குத் தலைமையாசிரியர் நமக்குத் தொலைபேசியில், "இன்று பள்ளி இல்லை" என்று தெரிவித்தார். நாம் போர்வையை இழுத்துக்கொண்டு மறுபடி படுத்தோம். எங்கள் பள்ளியில் அரக்கோணத்துக்கு அப்பாலிருந்து வரும் உபாத்தியாயினி ஒருவர் இருந்தார், புதிதாகச் சேர்ந்தவர். நாலரை மணிக்கு எழுந்து சமைத்து, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டு, நனைந்தபடி வண்டியேறி வந்து, பூட்டிய கதவின் முன் நின்றிருக்கிறார். காவற்காரன் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. திரும்பும் வண்டிக்கு இரண்டு மணி நேரம் ஸ்டேஷனில் ஈரப்புடவையோடு உட்கார்ந்திருந்தாராம். அவருடைய தொலைபேசி எண் நம் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது. சொல்லக்கூடாதென்று நாம் எண்ணவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவேயில்லை. மறுநாள் அவர் நம்மைப் பார்த்து வணக்கம் சொன்னார். நாமும் வணக்கம் சொன்னோம். குவாங்டுங்கில் நம் மருகியைச் சூழ இருந்தவர்களை வைதபோது, அந்த ஈரப்புடவை நமக்கு நினைவு வரவில்லை. பழக்கூடைக் கதையைக் கேட்ட இரவில்தான் வந்தது.

ஹாங்காங்கில் எட்டாம் எண் புயற்சின்னம் ஏறினால் எல்லாப் பள்ளிகளும் மூடப்படும். மூன்றாம் எண்ணுக்கே சிறுகுழந்தைப் பள்ளிகள் மூடப்படும். விதி முன்பே எழுதியிருப்பதால், நேற்று வந்திறங்கிய அயல்நாட்டாரும் வானொலியில் எண்ணைக் கேட்டுத் தாமே முடிவு செய்துகொள்ளலாம். எவருடைய நினைவையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. நம் ஜில்லாவிலும் இத்தகைய விதி வேண்டுமென்பது நம் அபிப்பிராயம். நம் சங்கத்துக் குடும்பங்களில் உபாத்தியாயர் பலர் இருப்பதால், இதை விண்ணப்பமாக எழுதிக் கலெக்டருக்கு அனுப்பக் காரியதரிசியாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

கேள்வி கேட்ட அன்பருக்கு நம் விடை: அனுப்பலாம், ஆனால் சிலவற்றைப் பார்த்து அனுப்புங்கள். ஆங்கிலம் போதிக்கும் வேலையை அங்கே பொதுவாக ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள தேசத்துப் பிரஜைகளுக்கே தருகிறார்கள். நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சர்வதேசப் பள்ளிகளில் கணக்கு, விஞ்ஞானம் ஆகியவற்றில்தான் இடமுண்டு. "முதலில் சுற்றுலா விசாவிற் போங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று தரகன் சொன்னால் வாயிலோடு அனுப்பிவிடுங்கள். 2013இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அனுமதிச்சீட்டு இன்றி வேலை செய்யும் அயல்நாட்டாருக்கு ஐயாயிரம் முதல் இருபதாயிரம் யுவான் வரை அபராதம். குற்றம் கடுமையானால் ஐந்து முதல் பதினைந்து நாள் வரை காவலும் உண்டு. தனிப்பயிற்சிக் கம்பெனியாயின் இன்னும் எச்சரிக்கை வேண்டும்: 2021ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் தேதி வெளியான ஒரே உத்தரவால், பள்ளிப்பாடத் தனிப்பயிற்சி வார இறுதியிலும் விடுமுறையிலும் தடுக்கப்பட்டு, அத்தொழிலில் இருந்த பல்லாயிரவர் வேலையிழந்தார்கள்.

ஒப்பந்தத்தில், வாரத்துக்கு எத்தனை வகுப்பு, ரத்தான வகுப்பை மறுபடி எடுக்கவேண்டுமா, வேலை ஞாயிறு சம்பளத்துள் அடங்கியதா என்பவை எழுத்தில் இருக்கவேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு வகுப்புப் போனால் ஓய்வு. மணிக்கணக்கில் கூலி பெறுவோருக்கு வகுப்புப் போனால் அன்றைய சோறு போயிற்று. ஆகையால் எந்தக் கணக்கில் சம்பளம் என்பதை முதலிற் கேளுங்கள். அட்டவணை மாற்றத்தை இன்னார் இவ்வளவு நேரம் முன்னே தெரிவிப்பார் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மறுத்தால் வேலையை விடவேண்டியதில்லை, ஆனால் எதிர்பார்க்கவேண்டியது என்ன என்று தெரிந்துவிடும். ஆண்டு விடுமுறை அறிவிப்பு வெளியாகிப் பள்ளியும் உறுதி சொல்லும்வரை, பணம் திரும்பாத சீட்டு எதுவும் எடுக்கவேண்டாம்.

நம் மருகி வரும் பொங்கலுக்கு இங்கே வருகிறாள். பத்து நாள் தங்குவாள். ஒப்பந்தத் தாள் கையில் உள்ளவர்கள் மாலை வேளையில் நம் வீட்டுக்குக் கொண்டுவந்தால், அவளும் நாமுமாக உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொல்லுகிறோம். வருமுன் ஒரு வார்த்தை தொலைபேசியில் தெரிவித்துவிட்டு வாருங்கள். நாம் எங்கேனும் வெளியூர் போகும்படி நேர்ந்தால், முதல்நாளே உங்களுக்குச் சொல்லிவிடுகிறோம்.